நாணயங்கள் கூறும் கொங்கு நாட்டு வரலாறு

பங்குனித் திருவிழாவிற்கு நாமக்கல் வந்து சேரும் அடியார்கள், மலையின் மேற்குப் புறத்தே குடைவரைக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ நரசிம்மரையும், அருகே தனிச் சந்நிதி கொண்டு அருளும் நாமகிரித் தாயாரையும் சேவிக்கின்றனர். நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி வானமே கூரையாக நின்றருளும் 18 அடி உயர ஆஞ்சநேயரை வணங்குகின்றனர். பின்னர் மலையின் கிழக்குப் புறம் சென்று, அரவணை மேல் பள்ளிகொண்ட ஸ்ரீ ரங்கநாதரைத் தரிசிக்கின்றனர். ஒரே பாறையின் இரு புறமும் இரு பெருங் குடைவரைகள் அமைந்திருப்பது தமிழகத்தில் அரிய காட்சியாகும்.

ரங்கநாதர் குடைவரையில் பழைய கிரந்த எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் இக்கோயில் 'அதியேந்திர விஷ்ணு கிருஹம்' என்று பெயர் பெறுகின்றது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டளவில், அதியர் குலத்தில் வந்த குணசீலன் என்னும் மன்னன் இதனைச் செய்வித்தான் என்பது அறிஞர் கருத்து. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான் மரபு பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இப்பகுதியில் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இக்கோயிலே சான்றாகும்.

இந்தக் கல்வெட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. பாறையில் வெட்டிய எழுத்து இடம் பெயராது. இன்றும் வெட்டிய இடத்திலேயே நின்று, "இவ்வூரை ஆண்டவன் இன்னான்" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றது. ஆனால் அதே அரசர்கள் வெளியிட்ட நாணயம் அவ்வாறன்று. அது கைக்குக் கை மாறும், நாட்டுக்கு நாடு செல்லும், மண்ணில் புதையும், மீண்டும் வெளிவரும். வெளிவந்த நாளில், "இது எங்கே கிடைத்தது?" என்று எழுதி வைப்பார் இல்லையெனில், காசு எஞ்சும், அது கூறவேண்டிய வரலாறு அழியும். கொங்கு நாட்டின் கதை பெரிதும் இத்தகைய காசுகளில் அடங்கியிருப்பதால், அதனைச் சிறிது ஆராய்வது பயன் தருவதாகும்.

காசு ஓர் அரசாணை

செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில், அரசன் யார் என்பதைக் கடைக்கோடி ஊருக்கும் அறிவித்த பொருள் நாணயமே. உழவனும் வணிகனும் அரசனை நேரிற் கண்டதில்லை. ஆனால் அவன் இலச்சினையை நாள்தோறும் கையில் ஏந்தினர். புலி பொறித்த காசு வந்தால் சோழன் ஆட்சி வந்தது என்றும், கயல் பொறித்த காசு வந்தால் பாண்டியன் வந்தான் என்றும் மக்கள் அறிந்தனர். ஆகவே, ஒரு நாட்டின் அரசியல் அடையாளத்தை அறிய விரும்புவோர் முதலில் நாடவேண்டிய சான்றுகளுள் நாணயம் ஒன்று.

சேலம், நாமக்கல் சமவெளி பேரரசு ஒன்றின் நிலையான தலைநகரைக் கொண்டிருந்ததன்று. கிழக்கே சோழநாடு, தெற்கே பாண்டியநாடு, மேற்கே சேரநாடு, வடக்கே கன்னடநாடு என நாற்புறமும் பேரரசுகள் சூழ, அவற்றின் வழித்தடமாக இது விளங்கிற்று. இதனால் இம்மண்ணில் கிடைக்கும் காசுகள் ஒரே மரபைச் சேர்ந்தவை அல்ல. கொங்கின் தனித்தன்மையே இப்பன்மையில்தான் அமைந்துள்ளது.

கொல்லிமலையின் பெயர் தாங்கிய காசு

கொங்கு நாட்டிற்கு வந்த மிகப் பழைய அயல்நாட்டுக் காசுகள் ரோமானியருடையவை. கோவைக்கு அருகில் உள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் 522 ரோம வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்களுடையவை. மேலைக் கடற்கரையின் முசிறித் துறையில் இறங்கிய வணிகம், பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டைக் கடந்து, கருவூரைத் தொட்டுக் காவிரிக் கரையோடு கீழைக் கடலை நோக்கிச் சென்றது. படியூர்ப் பகுதியின் பச்சை நிற மணிக்கற்களும், கொடுமணலில் செய்த அணிமணிகளும், இரும்பும் இவ்வழியில் விற்பனையாயின. இந்தியாவிற்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் சென்றுவிடுகின்றது என்று பிளினி என்னும் ரோம அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் வருந்தி எழுதினார். அவர் வருந்திய பணத்தின் ஒரு பகுதி கொங்கு மண்ணில் புதைந்து கிடந்தது.

ரோமக் காசில் அரசன் தலையுருவம் இருப்பதைக் கண்ட சேரர், தாமும் அவ்வாறே தம் உருவமும் பெயரும் பொறித்து வெள்ளிக் காசு வெளியிட்டனர். கருவூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் பெயர் கொண்ட காசுகள் இதற்குச் சான்று. தமிழ் பிராமி எழுத்தில் அரசன் பெயரைத் தாங்கிய இக்காசுகளை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களுள் 'தினமலர்' ஆசிரியராக இருந்த டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி முதன்மையானவர்.

அமராவதிப் படுகையில் கிடைத்த மற்றொரு வகைக் காசுகள் நாமக்கல் வட்டாரத்தார் பெரிதும் கவனிக்கத்தக்கவை. அவற்றில் 'கொல்லிப்பொறை', 'கொல்லிரும்பொறை' என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. பொறை, இரும்பொறை என்பன கருவூரிலிருந்து ஆண்ட சேரர் கிளையினரின் பட்டப் பெயர்கள். கொல்லி என்பது இன்றும் நாமக்கல்லின் கிழக்கே வான் அளாவி நிற்கும் கொல்லிமலையே. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையை மலையமான் காரி வென்று சேரர்க்கு அளித்தான் என்னும் செய்தி சங்க இலக்கியத்தால் அறியப்படுவது. அந்த வெற்றியின் பயனாய்க் கொல்லியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அரசனை இக்காசுகள் காட்டுகின்றன. ஏட்டில் இருந்த செய்தி உலோகத்திலும் எதிரொலிக்கின்றது.

சேரரின் தலைநகரான வஞ்சி, கேரளக் கடற்கரையில் இருந்ததா, கருவூரில் இருந்ததா என்பது பல்லாண்டுகள் அறிஞரிடையே நிகழ்ந்த வழக்கு. ஒவ்வொரு தரப்பிலும் சொந்த நாட்டுப் பற்று கலந்திருந்தது. அவ்வழக்கில் கருவூரின் பக்கம் வலுச் சேர்த்தவை இரண்டு. ஒன்று, காவிரியின் தென்கரையில் பரமத்தி வேலூருக்கு எதிர்ப்புறம் உள்ள புகலூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு. அதில் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையினர் குறிக்கப்படுகின்றனர். மற்றொன்று, அமராவதிப் படுகையின் காசுகள். கல்வெட்டு இருந்த இடத்தில் இருந்ததனால் அதன் சாட்சியத்தை ஒருவரும் மறுத்தற்கில்லை. காசுகளின் சாட்சியமோ, அவை கருவூரில் கிடைத்தன என்பது தெரிந்திருந்ததனாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே காசுகள் கிடைத்த இடம் தெரியாது ஒரு கடைவீதிப் பெட்டியில் கிடந்திருப்பின், வழக்கில் அவற்றிற்கு இடமே இருந்திராது.

புலியின் பக்கத்தில் வில்

பிற்காலச் சோழர் கொங்கு நாட்டை வென்று தம் ஆட்சிக்கு உட்படுத்தினர். முதலாம் இராசராசன் காலத்தில் கொங்கு நாடு 'வீரசோழ மண்டலம்' என்னும் பெயர் பெற்றது. நாட்டின் பெயரை மாற்றுவது எத்துணை அரசியல் பொருள் உடையதோ, அத்துணைப் பொருள் உடையது காசின் இலச்சினையை மாற்றுவது. சோழர் காசுகளில் புலி அமர்ந்திருக்க, அதன் பக்கத்தில் இரட்டைக் கயலும் வில்லும் காணப்படுகின்றன. கயல் பாண்டியர்க்கும் வில் சேரர்க்கும் உரிய சின்னங்கள். மூவர் நாடும் ஒருவன் குடைக்கீழ் வந்தன என்பதை ஒரு விரல் நுனி அளவான உலோகத்தில் எழுதாமல் எழுதிய திறம் இது. அக்காசைக் கையில் பெற்ற கொங்கு நாட்டான், பழைய சேரரின் வில் இப்போது புலிக்குத் துணையாய் நிற்பதைக் கண்டான்.

யாருடைய யானை?

கொங்கு நாட்டின் நாணய வரலாற்றில் நெடுங்காலம் தீராது நின்ற வினா ஒன்று உண்டு. ஒரு பக்கம் அலங்கரித்த யானையும், மறுபக்கம் பூங்கொடி வேலைப்பாடும் கொண்ட பொற்காசுகள் தென்னாட்டில் பல கிடைத்துள்ளன. சுமார் நான்கு கிராம் எடையுள்ள அக்காசுகளில் எழுத்து ஏதும் இல்லை. 'கஜபதி வராகன்' என்று அவற்றை வழங்குவர்.

எழுத்து இல்லாத காசை யாருடையது என்பது? தலைக்காட்டுக் கங்கர்களுக்கு யானையே இலச்சினையாதலால் அவர்களுடையது என்றனர் ஒரு சாரார். கொங்கு நாட்டுச் சேரர் வழியினர் வெளியிட்டது என்றனர் மற்றொரு சாரார். 'கஜபதி' என்னும் பெயரைக் கொண்டு ஒரிசா நாட்டுக் கஜபதி மன்னரோடு இணைத்துப் பேசியவரும் உண்டு. ஒவ்வொரு கருத்தும் ஒவ்வொரு நாட்டிற்குப் பெருமை சேர்ப்பதாக அமைந்தது.

இவ்வழக்கில் எதிர்பாராத சாட்சி ஒன்று காஷ்மீரத்திலிருந்து வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் இயற்றிய 'ராஜதரங்கிணி' என்னும் வரலாற்று நூல், கி.பி. 1089 முதல் 1101 வரை ஆண்ட ஹர்ஷன் என்னும் காஷ்மீர மன்னன் தென்னாட்டு நாகரிகத்தில் விருப்பங்கொண்டு, கர்நாடகத்துக் காசின் அமைப்பைத் தன் நாட்டில் புகுத்தினான் என்று கூறுகின்றது. அம்மன்னனின் காசுகள் சில கிடைத்துள்ளன; அவற்றில் யானை உருவம் விளங்குகின்றது. எனவே யானைப் பொற்காசு 11-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே தென்னாட்டில் புகழ்பெற்று வழங்கியது என்பது தெளிவு. ஒரிசா நாட்டுக் கஜபதி மரபு 15-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஆதலின் அக்கருத்து நில்லாது. எஞ்சிய இரண்டினுள் எது சரி என்பதை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. எந்த ஊரில், எந்தக் காசுகளோடு சேர்ந்து, எத்தனை கிடைத்தன என்னும் குறிப்புகளே அதனை முடிவு செய்யவல்லன.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. இன்றைய மாநில எல்லைகள் 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழியாக வகுக்கப்பட்டவை. அந்தக் காசுகளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. யானைக் காசைக் கன்னடர் காசு என்றோ, மாக்கோதைக் காசை மலையாளத்தார் காசு என்றோ, தமிழர் காசு என்றோ இன்றைய எல்லைக்கோட்டைக் கொண்டு பங்கிட முனைவது, ஓடும் காவிரியை அளவுகோலால் அறுக்க முனைவதை ஒக்கும்.

வராகனும் கண்டீராய பணமும்

விஜயநகரப் பேரரசு கொங்கு நாட்டை ஆண்ட காலத்தில் பெருமாளின் திருவுருவங்கள் காசுகளில் பெருகின. பொற்காசுக்கு 'வராகன்' என்னும் பெயரே சாளுக்கியரின் வராக இலச்சினையால் ஏற்பட்டதாகக் கூறுவர். முதல் மன்னர்களான ஹரிஹரர், புக்கர் காலத்துக் காசுகளில் அனுமன் காணப்படுகின்றான். கிருஷ்ணதேவராயர் பாலகிருஷ்ணன் உருவம் பொறித்தார். அச்சுததேவராயர் கண்டபேரண்டப் பறவையைப் பொறித்தார். திருமலராயர் காசில் இராமபிரான், சீதாபிராட்டி, இலக்குவன் மூவரும் விளங்கினர். 1586-இல் அரியணை ஏறிய வேங்கடபதிராயர், திருவேங்கடமுடையான் நின்ற திருக்கோலத்தோடு 'ஸ்ரீ வேங்கடேச்வராய நம:' என்னும் எழுத்தையும் பொறித்தார். அரசனின் முகம் இருந்த இடத்தில் ஆண்டவனின் திருமேனி அமர்ந்தது. தன் பெயரால் ஆள்வதைவிடத் தன் தெய்வத்தின் பெயரால் ஆள்வது உயர்ந்தது என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது.

பேரரசு தளர்ந்தபின், கொங்கு நாட்டிற்காக மதுரை நாயக்கரும் மைசூர் உடையார்களும் போரிட்டனர். 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார், தம் பெயரால் ஒரு சிறு பொற்காசு வெளியிட்டார். ஒரு பக்கம் அமர்ந்த திருக்கோலத்தில் ஸ்ரீ நரசிம்மர். மறுபக்கம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ கண்டீரவ' என்னும் பெயர். கிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள அக்காசை மக்கள் 'கண்டீராய பணம்' என்றனர். பத்துப் பணம் கொண்டது ஒரு கண்டீராய வராகன். அவ்வராகன் கணக்கில் வழங்கிய அலகாகும். அவருக்குப் பின் சிக்கதேவராஜ உடையார் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சேலம், நாமக்கல் பகுதிகள் மைசூர் ஆட்சிக்குள் வந்தன.

நரசிம்மர் எழுந்தருளிய நாமக்கல்லில் நரசிம்மர் பொறித்த காசு வழங்கியது என்றவுடன், அக்காசில் இருப்பவர் நாமக்கல் நரசிம்மரே என்று கூற நெஞ்சம் விழையும். ஆயின் அவ்வாறு கூறச் சான்று இல்லை. கண்டீரவம் என்பது சிங்கத்தின் பெயர். நரசராஜர் என்னும் பெயரும் நரசிம்மரைக் குறிப்பதே. மன்னன் தன் திருநாமத்திற்குரிய தெய்வத்தைக் காசில் பொறித்தான் என்பதே பொருந்தும். தலத்தின் மீதுள்ள பக்தி குறைவுடையதன்று. ஆதலின் அதற்குச் சான்றில்லாத வரலாற்றைத் துணைகூட்ட வேண்டுவதில்லை.

அரசுகள் மாறியும் அந்தக் காசின் பெயர் மாறவில்லை. ஹைதர் அலி மைசூரின் ஆட்சியைக் கைக்கொண்டபோது, இக்கேரிக் காசில் இருந்த சிவ பார்வதி உருவத்தையே தம் வராகனிலும் தொடர்ந்து பொறித்து, மறுபக்கத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் சேர்த்தார். மக்கள் நம்பிக்கை பெற்ற காசை மாற்றுவது வணிகத்தைக் குலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். திப்பு சுல்தானின் செப்புக் காசில் மீண்டும் யானை தோன்றிற்று. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் ஆங்கிலக் கும்பினியார் வசமாயின. அவ்வுடன்படிக்கையோடு இணைந்த பட்டியலில் நாடுகளின் வருவாய் கண்டீராய வராகன் கணக்கிலேயே குறிக்கப்பட்டது. கொடுத்தவர் சுல்தான், பெற்றவர் கும்பினியார், கணக்கு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வைணவ மன்னனின் பெயரால் நடந்தது.

கும்பினியாரும் இதனை உணர்ந்திருந்தனர். அவர்கள் சென்னையில் அடித்த நட்சத்திர வராகனின் ஒரு பக்கத்தில் நட்சத்திரமும், மறுபக்கத்தில் திருமாலின் திருவுருவமும் இருந்தன. அக்காலத்தில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே அடிப்படை நாணயம் ஆயிற்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. அதில் இங்கிலாந்து மன்னரின் தலை இடம்பெற்றது. இவ்வாறு வராகனும் பணமும் வழக்கொழிந்து, பழமொழிகளிலும் பாட்டிமார் பேச்சிலும் மட்டும் தங்கின.

அருங்காட்சியகத்தின் பணி

வழக்கொழிந்த காசுகளைக் காப்பதற்கு ஏற்பட்டவை அருங்காட்சியகங்கள். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்று, 1854-இல் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. மாகாணம் முழுவதும் புதையலாகக் கிடைத்த காசுகள் அங்குச் சேர்ந்தன. சேலம் அரசு அருங்காட்சியகம் 1979-இல் தோன்றியது. ஒவ்வோர் இடத்திலும் காசுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு வைக்கப்படுகின்றது. பார்ப்பவர் கண் காசின் மேல் செல்லும்; ஆராய்பவர் கண் சீட்டின் மேல் செல்லும். எந்த அரசன், எந்தக் காலம் என்பதைப் பிற்கால அறிஞர் திருத்தி எழுதலாம். எந்த ஊரில் கிடைத்தது என்பதை, கிடைத்த நாளில் எழுதாவிட்டால் பின்னர் எவராலும் எழுத இயலாது.

'சேலம் மாவட்டம்' என்று மட்டும் எழுதுவதும் போதாது. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆதலின் 1965-க்கு முன் 'சேலம் ஜில்லா' என்று பதிவான ஒரு காசு, இன்றைய நான்கு மாவட்டங்களுள் எதனையும் சேர்ந்ததாக இருக்கலாம். காவிரிக் கரைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் இடையே நூறு மைல் உண்டு. இரண்டின் வரலாறும் வேறு. ஊரின் பெயர், கூடுமாயின் வயலின் பெயர், பதிவாதல் வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு புதுக்கோட்டைப் புதையல். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருந்தது. அக்காசுகளுள் பல கடல்கடந்து லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆயினும் எங்கே, எத்தனை, எவ்வாறு கிடைத்தன என்பது அன்றே அச்சாகிவிட்டதால், இன்றும் உலக அறிஞர் அதனைப் 'புதுக்கோட்டைப் புதையல்' என்றே அழைக்கின்றனர். காசு ஊரை விட்டுப் போயிற்று. ஊரின் பெயர் காசை விட்டுப் போகவில்லை. உள்ளூரிலேயே உருக்கப்பட்ட புதையல்களுக்கோ அந்த நற்பேறும் இல்லை.

அடியார்கள் செய்யத்தக்கது

உழும்போதும், கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் இப்பகுதியில் பழங்காசுகள் கிடைப்பது உண்டு. கிடைத்தவர் அச்சத்தால் மறைப்பர். அல்லது தட்டாரிடம் கொடுத்து உருக்குவர். அல்லது வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோப்பர். தெய்வ பக்தி மிக்கவர் அதனைக் கோயில் உண்டியலில் சேர்ப்பதும் உண்டு. நோக்கம் தூயதாயினும் விளைவு ஒன்றே. ஆயிரம் கைகள் இட்ட காணிக்கையோடு கலந்த காசு, தன் ஊரின் பெயரை அக்கணமே இழந்துவிடுகின்றது.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். புதைத்த உரிமையாளர் எவரும் இல்லை என்று விசாரணையில் தெரிந்து, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் வேறு உடன்பாடு இல்லையெனில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்கு உரியவருக்கு எஞ்சிய பங்கும் உரியன. அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தொகை அளித்தல் வேண்டும். ஆகவே முறைப்படி ஒப்படைப்பவர் இழப்பது ஒன்றுமில்லை. மறைப்பவரே சட்டத்தின் தண்டனைக்கு அஞ்சி வாழ்வார்.

காசு கிடைத்தால் அதனைப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்குதல் ஆகாது. துலக்கினால் எழுத்தும் உருவமும் தேயும். பானையோடு கிடைத்தால் பானை ஓட்டையும் எறிதல் ஆகாது. கிடைத்த இடம், ஆழம், எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுதல் நன்று.

மற்றொன்றும் அறியத்தக்கது. பல இல்லங்களின் பூசையறையில் ஸ்ரீராம பட்டாபிஷேகம் பொறித்த பெரிய காசு ஒன்று வழிபடப்பெறுகின்றது. 'இராமர் காசு' எனப்படும் அது, கடைவீதியில் செலாவணியாக அடித்த நாணயம் அன்று. யாத்திரை சென்றோர் திருத்தலங்களில் பெற்றுவந்த திருவுருவப் பதக்கமே ஆகும். அதனை இராமபிரான் காலத்து நாணயம் என்று கூறிப் பெருந்தொகைக்கு விற்க வருவோரிடம் எச்சரிக்கை தேவை. முன்னோர் கையால் பூசித்த பொருள் என்னும் பெருமையே அதற்குப் போதுமானது.

நாமக்கல் மலையின் குடைவரையைச் சேவித்துத் திரும்பும் அடியார்கள், சேலம் வழியே செல்லும்போது அங்குள்ள அருங்காட்சியகத்தையும் ஒருமுறை கண்டு செல்வது நலம். சென்னைக்குச் செல்வோர் எழும்பூரையும் காணலாம். அங்குக் கண்ணாடிப் பேழையில் உறங்கும் ஒவ்வொரு காசும் ஒரு காலத்தில் யாரோ ஓர் உழவனின் மடியில் முடிந்திருந்தது. யாரோ ஒரு தாய் திருவிழாவுக்கென்று சேர்த்து வைத்தது. வில்லும், புலியும், யானையும், வராகமும், நரசிம்மமும் மாறி மாறி ஆண்டன. ஆண்ட அனைவரின் காசையும் ஏற்று, அனைவருக்கும் வரி கொடுத்து, தன் நிலத்தையும் தன் தெய்வத்தையும் விடாது நின்றது கொங்கு நாட்டுக் குடி. அதன் பெருமையை நிலைநாட்ட வேறொருவருடைய காசை உரிமை கொண்டாட வேண்டியதில்லை. தன் மண்ணில் கிடைத்த காசு தன் ஊரின் பெயரோடு பாதுகாக்கப்படுமாறு செய்தாலே போதும்.

கல்வெட்டைக் காக்கப் பாறை இருக்கின்றது. காசைக் காக்க மக்களே இருக்கின்றனர். நாமகிரித் தாயார் ஸமேத ஸ்ரீ நரசிம்ம ஸ்வாமியின் திருவருளால், அடியார் ஒவ்வொருவரும் அக்காவலில் பங்கு கொள்வாராக.